மாதப்பனின் கத்தும் பெட்டி

மாதப்பனின் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்காது. 1981 ஐப்பசியில், ஏற்காட்டுப் பக்கம் கொட்டச்சேட்டில், அவன் தங்கை புருஷன் சித்தனின் தம்பிகள் அவற்றை எல்லைக்கல் மேல் வைத்து உடைத்தார்கள். அவன் செய்த பெட்டிதான் காரணம் என்பது ஊர்ப்பேச்சு. அது பாதிதான் சரி.

மாதப்பனுக்குக் கேழ்வரகுக் காடும் கொஞ்சம் காப்பியும் உண்டு. இடையில் சில ஆண்டுகள் ஏற்காட்டில் மைக் செட் வாடகைக்கு விடும் தேவசிகாமணியிடம் வேலை பார்த்தான். கடை டிரான்சிஸ்டருக்கு மாறியபோது, பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களை அவர் அவனிடமே கொடுத்துவிட்டார். அவற்றைப் பிரித்து, கதிர் தின்ன வரும் காட்டுப்பன்றிகளை விரட்ட ஒரு பிஸ்கட் டின்னுக்குள் சத்தம் எழுப்பும் கருவி செய்தான். ஒரே சுருதியில் அது ஊளையிட்டது. பன்றிகள் சில நாள் ஓடின. பிறகு பழகிப்போய், கூம்பு ஸ்பீக்கருக்கு அடியிலேயே நின்று மேய்ந்தன.

அதனால் இரண்டாவது டின் செய்தான். அதன் சத்தம் காதுக்குக் கேட்காது. முதல் டின்னின் சத்தத்தை மெதுவாக ஏற்றி இறக்கும் வேலை மட்டும் அதற்கு. மூன்றாவது டின்னில் ஒரு கெட்டுப்போன வால்வு, பெருமழை போல இரைந்தது. டின்னுக்கு டின் ஒயரை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்ததில், சிறுத்தை உறுமுவது போல ஒரு சத்தம் கிடைத்தது. முதல்முறை அதைக் கேட்டதும் வீட்டு நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்று அவன் மனைவி கண்ணாயி சொன்னாள். பன்றிகள் வேலியைப் பிய்த்துக்கொண்டு சரிவில் இறங்கின.

சரிவில் இருப்பது சித்தனின் காடு.

காவலுக்கு அங்கே ஒரு முறை உண்டு. பன்றியை விரட்டுமுன் மேல்காட்டுக்காரன் கீழே பார்த்து நீளமாக ‘ஓ’ கொடுப்பான். கீழிருந்து பதில் வந்த பிறகே கல்லை எறிவான். கீழே அடிபடும் பன்றியில் முன்னங்கால் ஒன்று கூப்பிட்டவனுக்கு. இந்த டின் பெட்டி வந்த பிறகு மாதப்பன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். இத்தனை பெரிய சத்தம் கீழே கேட்காமலா போகும் என்பது அவன் கணக்கு. ஆனால் பெட்டி பொழுது சாய்ந்ததிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. பன்றி எப்போது வருகிறது என்று அதிலிருந்து யாருக்கும் தெரியவில்லை.

அப்படி ஒரு பொழுதில் கதிர் கொய்துகொண்டிருந்த வெள்ளையம்மாள் மேல் ஆண்பன்றி ஒன்று பாய்ந்தது. அவள் சித்தனின் மனைவி, மாதப்பனின் சொந்தத் தங்கை. அதன் கோரைப்பல் முழங்காலில் ஏறி இடுப்புவரை கிழித்தது. கட்டிலோடு தூக்கி ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அவள் பிழைப்பாள் என்று தெரிந்த பிறகு சித்தன் கோடாரியோடு மேல்காட்டுக்கு வந்தான். தம்பிகள் இருவரும் கூட வந்தார்கள்.

“சத்தம் போடறதுக்கு இத்தன டப்பா செஞ்சியே மச்சான், ஒரு ஓ குடுக்க வாயில்லையா உனக்கு?”

சித்தன் வீட்டிலிருந்து பெட்டிக்கு வந்த கரண்ட்டு ஒயரைப் பிடுங்கி எறிந்தான். அப்போதுதான் மாதப்பன் பதறிப்போய் முன்னால் வந்தான். “தொடாதீங்க மாப்ள. ஒயரப் புடுங்குனாலும் உள்ள கரண்ட்டு நிக்கும்.”

“அத்துப்போன ஒயருல ஏதுடா கரண்ட்டு? என்னையே ஏமாத்தறியா?”

கோடாரி ஒரே வீச்சில் டின்னைப் பிளந்தது. வால்வுகளைப் பிய்த்தெடுக்க அவன் உள்ளே கைவிட்டான். கண்டன்சரில் தேங்கியிருந்த மின்சாரம் அவனைத் தூக்கி எல்லைக்கல் மேல் அடித்தது. மண்டை பிளந்து அசையாமல் கிடந்தான். செத்தான் என்றே தம்பிகள் நினைத்தார்கள். மாதப்பனை மிதித்துக் கீழே தள்ளினார்கள். ஒருவன் அவன் கையை அந்தக் கல்லோடு அழுத்திப் பிடிக்க, மற்றவன் கோடாரியின் பின்பக்கத்தால் விரல்களை அடித்தான். கண்ணாயி கதிர் அரிவாளால் அடித்தவன் தோளை வெட்டிய பிறகே அடி நின்றது. அதற்குள் சித்தன் முனகத் தொடங்கியிருந்தான்.

ஊர்க்கூட்டத்தில் பெட்டியைக் கொளுத்தச் சொன்னவர்களே அதிகம். வெள்ளையம்மாள் கோல் ஊன்றி எழுந்தாள்.

“பெட்டி இருக்கட்டுங்க. எங்கண்ணன் வாயால கூப்பிடட்டும். நான் பதில் குடுத்த பொறவு அதத் திருகட்டும்.”

ஊர்க்கவுண்டர் அதையே தீர்ப்பாகச் சொன்னார்.

உடைந்ததை மாதப்பன் சொல்லச் சொல்லக் கண்ணாயி ஈயம் வைத்துச் சேர்த்தாள். அடுத்த ஆண்டு கதிர் முற்றியபோது அவன் கூப்பிட்டான். கீழிருந்து தங்கையின் குரல் வந்தது. பெட்டியின் திருகைத் திருப்பினான். சரிந்தோடிய பன்றியைச் சித்தனின் ஈட்டி விலாவில் தடுத்தது. வெள்ளையம்மாள் நொண்டிக்கொண்டே வந்து கோடாரியால் அதன் தலையில் வெட்டினாள். அது செத்த பிறகும் வெட்டினாள். சித்தன் அவளைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

விடிந்ததும் எல்லைக்கல் மேல் ஒரு முன்னங்கால் இருந்தது. சித்தன் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

“அந்தக் கல்லு மேல வெச்ச கறிய நான் ஆக்க மாட்டேன்” என்று கண்ணாயி அதை நாய்க்குப் போட்டாள்.

மாதப்பன் தடுக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்துக் கூப்பிட்டான். பதில் வரும்வரை திருகின் மேல் கை வைக்கவில்லை.