பின்குறியில் ஒரு தட்டு

என் வேட்டைத் துப்பாக்கியில் குறிபார்க்க ரூடி பொருத்திய பின்குறியை இடம் மாற்றியவன் நான்தான். என் வீட்டு நிலவறையில், என் கையால், மரச்சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. அதற்குப் பிறகு ஒரு நல்ல மனிதர் தன் கைகளையே நம்பாமல் போய்விட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்... இன்றுவரை.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களுக்கு என்னைத் தெரியாது, அதனால்தான். தெரிந்தவர்களிடம் சொல்லும் துணிவு இருந்திருந்தால் இதை எழுதும் தேவையே வந்திராது.

சுவிஸில், ஷாஃப்ஹவுசனில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் எனக்கு மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர் ரூடி. எழுபதைத் தாண்டியவர். வேட்டைக்காரர். மக்காச்சோள வயல்களைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும் பக்கம் இது. இலையுதிர்காலத்தில் வேட்டைக் குழு காட்டை வளைத்து, பன்றிகளைக் கலைத்துச் சுடும். முதலில் கலைக்கிறவனாகத்தான் ரூடி என்னைக் கூட்டிப்போனார். தடியால் மரத்தில் தட்டிக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருந்தவரை எனக்குத் துவக்கு வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் வேட்டைப் பரீட்சை எழுதினேன். என் மனைவி சாந்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிட்டிசன் கிடைச்சால் சனம் ஹொலிடே போகுதுகள். நீங்கள் பண்டிக்குப் பின்னாலை போறியள்."

சிரிக்கட்டும். நான் துவக்குப் பிடிப்பது அது முதல் தடவையல்ல என்பது அவளுக்குத் தெரியாது.

பதினேழு வயதில் நான் இயக்கத்தில் இருந்தேன். ஒரு வருடம்கூட இல்லை. யாரையாவது கொன்றாயா என்று கேட்காதீர்கள்... இருட்டைப் பார்த்துச் சுட்டவனுக்கு அது எப்படித் தெரியும்? தப்பி ஓடி வந்தேன். இங்கே அகதி விசாரணைக்குப் போகுமுன், முகாமில் என் அறையில் இருந்த ஓர் அண்ணை புத்தி சொன்னார்.

"தம்பி, துவக்கைக் கண்ணாலையும் காணேல்லை எண்டு சொல்லு. வேறை ஒண்டும் கதையாதை."

அப்படியே சொன்னேன். பிறகு அந்தப் பொய் என்னோடு வளர்ந்தது. நான் கல்யாணம் கட்டியபோது அதுவும் கூட இருந்தது. என்னோடு சேர்ந்து குடியுரிமையும் எடுத்தது.

இதைவிட வெட்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் துவக்குப் பிடிக்கும். அந்த எண்ணெய் மணம், கன்னத்தில் படும் மரத்தின் குளிர்ச்சி... உயிருக்குப் பயந்து ஓடிவந்தவனுக்கு அதில் என்ன ஆசை வேண்டிக் கிடக்கிறது? எனக்கே விடை தெரியவில்லை.

நான் வாங்கியது பழைய லீவர் துவக்கு. விசையடியில் இருக்கும் பிடியை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். இறந்துபோன ஒரு வேட்டைக்காரரின் குடும்பம் விற்றது. முன்குறி, அதாவது குழலின் நுனியில் நிற்கும் சின்ன மணி, தேய்ந்து போயிருந்தது. கண்ணுக்குக் கிட்டவுள்ள பின்குறித் தகடு நெளிந்து கிடந்தது. இரண்டையும் மாற்றினால்தான் அது துவக்கு, இல்லையென்றால் ஊன்றுகோல்.

ரூடி துவக்குகளைப் பழுது பார்க்கும் தன் வீட்டுப் பட்டறை மேசையில் மூன்று வகைக் குறிகளை எடுத்து வைத்தார். ஒன்று பழைய மாதிரி. இரண்டு பக்கமும் மாட்டுக்கொம்பு போல எழும்பி நடுவில் பள்ளம் உள்ள தகடு. மற்றொன்று பச்சையும் சிவப்புமாக மினுங்கியது. "கிறிஸ்மஸ் மரம்" என்று சொல்லி அதை அவரே ஒதுக்கிவிட்டார். மூன்றாவது ஓர் இரும்பு வளையம். அவர் பேசியது சுவிஸ் ஜெர்மன். என் காதில் அது எப்போதும் எங்கள் தமிழாகத்தான் விழும்.

"உனக்கு ஐம்பத்துநாலு வயசு. பேப்பர் வாசிக்கக் கண்ணாடி போடுறாய். பள்ளம், மணி, பண்டி மூண்டையும் ஒரேயடியாப் பாக்க உன்ரை கண் விடாது. வளையம் எண்டால் அதுக்குள்ளாலை பாத்தாலே போதும். மணியைக் கொண்டுபோய்ப் பண்டியிலை வைக்கிறதுதான் வேலை."

சொன்னவர், வளையம் பூட்டிய தன்னுடைய துவக்கை என் கையில் தந்தார். தூக்கினேன். அவ்வளவுதான்... என் உடம்பு தானாக வேலை செய்தது. தோள் இறங்கியது, கன்னம் மரத்தில் பதிந்தது, கண் வளையத்தைத் தாண்டிப் போனது. அந்தக் காலத்தில் எனக்குத் தந்த துவக்கிலும் வளையம்தான் இருந்தது. மனம் மறந்ததைக் கழுத்தெலும்பு மறக்கவில்லை.

ரூடி சந்தோஷமாகச் சிரித்தார். "இதை எங்கை பழகினாய்?"

இந்த நாட்டில் அது ஒரு பெரிய கேள்வியே இல்லை. கட்டாய இராணுவப் பயிற்சியைப் பற்றி ஆண்கள் பள்ளிக்கூடக் கதை போலத்தான் கதைப்பார்கள். அவர் கேட்டதில் ஒரு கள்ளமும் இல்லை. கள்ளன் நான். அந்த வளையம் என் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பட்டது.

"ஒரு இடத்திலையும் இல்லை. இது எனக்குச் சரிவராது, ரூடி. அந்தக் கொம்பு மாதிரியையே போடுங்கோ."

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிடிவாதக்காரன் என்று திட்டினார். கடைசியில் நான் கேட்டதையே பொருத்தினார். குழலின் மேலே குறுக்காக வெட்டிய காடியில் தகட்டை இறுக்கமாகத் தட்டி ஏற்ற வேண்டும். அந்த வயதில் அவர் கை இலேசாக நடுங்கும், ஆதலால் மெதுவாகத்தான் செய்தார். அராவுவார், பார்ப்பார், மறுபடி அராவுவார். சுடும் திடலில் நல்ல வெயில், வெள்ளைக் கடதாசி, முழங்கைக்குக் கீழே மணல்பை. குண்டுகள் போக வேண்டிய இடத்துக்கே போயின. அவர் வேலையில் ஒரு குறையும் இருக்கவில்லை. இதை நீங்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டை நாளன்று காட்டில் பனிப்புகார் இறங்கியிருந்தது. பன்றி பற்றைக்குள்ளிருந்து வெளியே வந்தது. துவக்கைத் தூக்கினேன். பள்ளமும் மணியும் பன்றியும் ஒரே சாம்பல் நிறமாகக் கரைந்துபோயின. தெரியாவிட்டால் சுடக்கூடாது. பரீட்சையில் முதலில் படிப்பித்ததே அதுதான். ஆனால் குழுவில் நான் ஒருவன்தான் தமிழன், அதுவும் புதியவன். வந்த பன்றியை விட்டுவிட்டான் என்று சொல்வார்களே... சுட்டேன்.

பன்றி விழவில்லை. பின்னங்காலை இழுத்துக்கொண்டு முட்புதருக்குள் போனது. காயப்பட்ட மிருகத்தைத் தேடிப் போவது ரூடியின் நாய் கோராவின் வேலை. போனது. பன்றி திரும்பி நின்று அதன் வயிற்றைக் கிழித்துவிட்டது. ரூடி தன் ஜாக்கெட்டைக் கழற்றி அதைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். காரடிக்கு வருமுன்னமே அது இறந்துவிட்டது.

குழுத் தலைவர் என்னைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார்.

"நான் சரியாத்தான் பிடிச்சனான்," என்றேன். "குறி அசைஞ்சிட்டுதோ தெரியேல்லை."

நாளைக்குத் திடலில் சுட்டுப் பார்ப்போம் என்றார் அவர். ரூடி குனிந்து நாயின் கழுத்துப்பட்டியைக் கழற்றினார். அவர் கைகளில் இன்னும் கோராவின் இரத்தம் இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். மேலே சாந்தி புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். கீழே நிலவறையில் நான் துவக்கோடு நின்றேன். குறி சரியாக இருந்தால் பிழை என் கண்ணில். கண் என்றால், வளையத்தை ஏன் வேண்டாம் என்றாய் என்று ரூடி கேட்பார். பிறகு எங்கே பழகினாய் என்று மறுபடி கேட்பார்... ஒருவரும் அப்படி நூல் பிடித்துக்கொண்டு வந்திருக்கமாட்டார்கள். இன்று அது விளங்குகிறது. அன்றைக்கு, முன்பு அகதி விசாரணை அறையில் உட்கார்ந்திருந்த பொடியனாகத்தான் நின்றேன். சுத்தியலை எடுத்தேன். தகடு ஒரு நெல்மணி அகலம்கூட நகரவில்லை. அது போதுமாக இருந்தது.

மறுநாள் ரூடிதான் சுட்டார். குண்டு விலகிப் போனது. மறுபடியும் சுட்டார். அதே பக்கம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காடியைக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "நான் இறுக்கினது போதாது," என்றார், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். திரும்பி வரும்போது காருக்குள் சொல்லியிருக்கலாம். கோராவைப் புதைத்தபோது பக்கத்தில் நின்றேனே, அப்போதாவது... என்ன மனிதன் நான்?

போன ஞாயிற்றுக்கிழமை ரூடி எங்கள் வீட்டுக்கு வந்தார். வேட்டையை விட்டுவிட்டாராம். பட்டறைச் சாமான்களை ஒவ்வொருவருக்காகக் கொடுத்து முடித்துவிட்டாராம். சாந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"உன்ரை முதல் துவக்கு," என்றார். "அதை நான் பழுதாக்கிப்போட்டன். கோராவைச் சாக்காட்டினதும் நான்தான். நீ பிறகு ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டேல்லை. என்னை மன்னிப்பியோ?"

நான் வாய் திறந்தேன். நம்புங்கள், உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன். சாந்தி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் சேர்த்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமே...

"அதை விடுங்கோ, ரூடி. நான் எப்பவோ மன்னிச்சிட்டன்."

அவர் என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதார். நன்றி சொன்னார். எனக்கு நன்றி சொன்னார்! பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சாந்தி ஆறிப்போன கோப்பையை எடுத்தாள். "பாவம் அந்த மனிசன். வேறை ஆரும் எண்டால் கோவத்திலை கத்தியிருப்பினம். உங்கடை மனம் ஆருக்கு வரும்?" என்றாள்.

நான் ஓம் என்று தலையாட்டினேன்.