கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த வரி

முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால், லாரியை எஃப்.சி. தகுதிச் சான்றுக்காகச் சிதம்பரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்ட நான் போக வேண்டியதாயிற்று. குடிகாட்டுப் பக்கம் ஒரு லாரி யார்டில் சூப்பர்வைசர் நான். தினமும் காலையில் வண்டி கிளம்புமுன் டிரைவர் ஒரு செக் ஷீட்டில் டிக் போட்டுத் தருவார். பிரேக், டயர், ஸ்டியரிங், லைட் என்று வரிசையாக இருக்கும். கீழே நான் கையெழுத்துப் போடுவேன். அது இல்லாமல் லோடு ஏற்றும் கம்பெனி கேட்டில் வண்டியை விடமாட்டார்கள்.

வண்டியை ஓட்டி வந்தவர் திட்டக்குடிக்காரர். எங்களிடம் ஆறு வருடமாக இருந்தார். ஒரு வாரமாக மெக்கானிக் பார்த்து, பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, வண்டி மாப்பிள்ளை மாதிரி நின்றது. பாஸாகிவிடும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்ஸ்பெக்டர் பேன்ட் அழுக்காவதைப் பார்க்காமல் வண்டிக்கு அடியில் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு என்னைக் குனியச் சொல்லி டார்ச் அடித்துக் காட்டினார். பின்சக்கரத்துக்கு மேலே, வண்டியின் பாரத்தைத் தாங்கும் பட்டையில் குறுக்கே ஒரு விரிசல். மேலே புதுப் பெயின்ட்.

"இது நேத்து விட்ட விரிசல் இல்லம்மா. உள்ள துருப் புடிச்சிருக்கு. தினம் வண்டிய பாக்குறது யாரு?"

நான் டிரைவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"நான்தான் சார்" என்றார் அவர்.

வண்டி ஃபெயில். வெளியே வந்து மெக்கானிக்குக்கு போன் போட்டேன்.

"பிரேக்கத்தான பாக்கச் சொன்னீங்க? பட்டைய பாக்கச் சொன்னீங்களா?"

"அதுக்கு மேல பெயின்ட் அடிச்சிருக்கே!"

"அது பெயின்டருகிட்ட கேளுங்க."

முதலாளிக்குப் போட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "டிரைவருக்குத் தெரியாம எப்படிப் போவும்? அவர நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம்னு சொல்லு" என்று வைத்துவிட்டார். அதை அவரிடம் சொல்ல வேண்டியவளும் நான்தான். சொன்னேன். அவர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

வேறொரு டிரைவரை வரவழைத்து வண்டியோடு யார்டுக்கு வந்ததும் அதன் ஷீட்டுகளை எடுத்து உட்கார்ந்தேன். அவர்மேல்தான் தப்பு என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் எடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. எல்லாம் டிக். இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒன்றில் மட்டும், கீழே ஓரத்தில், கோணல் எழுத்தில்: 'பின்னாடி சத்தம் ஜாஸ்தி. பட்டை பாக்கணும்.' அதை ஒட்டியே என் கையெழுத்து. கையெழுத்து வாலின் நுனி 'பட்டை' என்ற சொல்லின் மேலேயே ஏறியிருந்தது.

மறுநாள் அதை முதலாளியிடம் நீட்டினேன். "அவரு எழுதியிருக்காரு சார். நான்தான் படிக்கல."

படித்தார். மடித்தார். மேஜை டிராயருக்குள் போட்டார். "கம்பெனிக்காரன் கண்ணுல பட்டுதுன்னா கான்ட்ராக்டே போயிடும். வாய மூடிக்கிட்டு இரு."

"அப்ப அவரு?"

"வேற ஆளு பாத்தாச்சு."

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டிரைவருக்கு போன் செய்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"அந்த ஷீட்ட பாத்தேண்ணே."

"எழுதுனவன் நானு. எனக்குத் தெரியாதா?"

"அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"அந்த ஆபீசரு முன்னாடி நாம ரெண்டு பேரும் அடிச்சுக்கறதா? நீ படிக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா. ஒரு தடவ எழுதுனேன். ஒண்ணும் நடக்கல. அப்புறம் நானும் விட்டுட்டேன். விட்டது என் தப்புதான்." பிறகு, "பட்டை மாத்திட்டாங்களா?" என்றார்.

"மாத்தியாச்சு. நாளைக்குத் திரும்பக் காட்டறோம்."

"ரெண்டு பக்கமுமா?"

"ஒரு பக்கம்தான்."

"அட போம்மா" என்று வைத்துவிட்டார்.

வண்டி பாஸானது. ஆனால் அடுத்த நாள் காலையில் புது டிரைவர் ஷீட்டை நீட்டியபோது நான் கையெழுத்துப் போடவில்லை. மெக்கானிக் வந்து இன்னொரு பக்கத்தைப் பார்க்கட்டும் என்றேன். முதலாளி போனில் கத்தினார்: "எஃப்.சி.யே குடுத்துட்டாங்க, நீ யாரு நிறுத்த?" மெக்கானிக் வர மதியமாகிவிட்டது. முனகிக்கொண்டே அடியில் போனார். நானும் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடவே போனேன். துருவைச் சுரண்டி, ஒவ்வொரு பட்டையாகத் தட்டிப் பார்த்தோம். விரிசல் எதுவும் இல்லை.

"பாத்தியா?" என்றார் முதலாளி. அன்றைய லோடு போச்சு. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பட்டை நன்றாக இருந்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கையில் ஒட்டிய கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே, ஒரு சின்னக் கீறலாவது இருந்திருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன்.