கொக்குகள் மட்டும் விழுந்த படம்

மிராசுதாரிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தை நாங்கள்தான் உழுகிறோம் என்பதற்கு, தாசில்தார் விசாரணையில் அத்தாட்சியாகக் காட்டப் படம் வேண்டியிருந்தது. திருத்துறைப்பூண்டி ஸ்டுடியோவில் கேமரா இரவல் வாங்கினேன். பிலிமில் மிச்சம் ஒரே படம். அப்பா ஏர் ஓட்டி வந்தார். பின்னால் கொக்குகள் எழும்பின. அந்தப் பறத்தலைப் பத்திரிகைப் படம் போலப் பிடிக்க ஆசைப்பட்டு, ஷட்டரை மெதுவாக்கி, கேமராவை அவற்றோடு திருப்பினேன்.

விசாரணையில் தாசில்தார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல உங்கப்பா எங்க தம்பி?”

தெளிவாக விழுந்த கொக்குகளுக்குக் கீழே கலங்கிக் கிடந்த பழுப்பைக் காட்டினேன்.

“அது மாடுங்க” என்று சிரித்தார் மிராசுதாரின் கணக்குப்பிள்ளை.

நிலம் போயிற்று. திரும்பும் பஸ்ஸில் அப்பா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“கொக்கு நல்லா வந்திருக்குப்பா.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.