மூன்றாம் வளைவின் ஊதா

மலைப்பாதையில் பூப் பார்க்க வருகிறவர்களை மேலே அழைத்துப்போவது என் தங்கையின் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவள் அவள் ஒருத்திதான். நான் பாதியில் நின்று, வேன் ஓட்டப் போனவன். பயணிகளை அடிவாரத்தில் இறக்குவது நான். அங்கிருந்து அவர்கள் அவள் பொறுப்பு.

கோடையில் பாதையின் இரு பக்கமும் பூத்துக் கிடக்கும். பல பூக்களுக்கு அவளே பெயர் வைத்திருந்தாள். குட்டையான மஞ்சள் பூ மூக்குத்தி. சுருண்டு தொங்கும் வெள்ளை, கிழவன் மீசை. மூன்றாம் வளைவில் சரிவு முழுக்க அடைத்துப் பூக்கும் ஊதாவுக்கு மட்டும் பெயர் கிடையாது. "அதைப் பாத்தா வாயடைச்சுப் போயிடும், பேர் எங்க சொல்றது?" என்பாள்.

அவளுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. முதலில் பக்கவாட்டில் இருட்டியது. பிறகு எதிரே நிற்பவர் முகமும் மங்கியது. சமையலறையில் தம்ளரைத் தட்டிவிட்டு, "பூனை" என்பாள். எங்கள் வீட்டில் பூனையே இல்லை. கண் மருத்துவர் கையை விரித்துவிட்டார். வேலை போனால் தானும் வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிடுவோம் என்று அவளுக்குப் பயம்.

"இந்த ஒரு கோடை மட்டும், அண்ணா. பாதை என் காலுக்குத் தெரியும்."

அதனால் வேனைப் பூட்டிவிட்டு, கூட்டத்தின் கடைசி ஆளாக நானும் ஏறத் தொடங்கினேன்.

ஒரு நாள். முந்தின இரவு பலத்த மழை பெய்திருந்தது. காலையில் வெயில் நன்றாக அடித்தது. கூட்டத்தில் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, ஓய்வு பெற்ற வங்கிக்காரர் ஒருவர், இன்னும் சிலர். வங்கிக்காரருக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் எவ்வளவு தூரம்மா?"

"நீங்க கேக்கிறதை நிறுத்தினா வந்துடும் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கைத்தடியை ஊன்றி முன்னால் போனாள். மூன்றாம் வளைவில் நின்று, திரும்பி, கையை நீட்டினாள்.

"இடது பக்கம் பாருங்க. சரிவு பூரா ஊதா. காத்தடிச்சா அலை மாதிரி அசையும். பயப்படாம ஓரமா வாங்க."

யாரும் பேசவில்லை. வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, முகம் மலர்ந்தது. கூட்டத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். சரிவு இரவோடு இரவாக வழுக்கி இறங்கியிருந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்புச் சேறு. ஒரு செடி இல்லை.

"காமெடி பண்றாங்க" என்று புதுப்பெண் சிரித்தாள். சேற்றைப் படம் எடுக்க போனைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போனாள். "ஓரத்துக்குப் போகாதீங்க!" என்று நான் கத்துவதற்குள் மண் பெயர்ந்து அவள் சரிவில் வழுக்கினாள்.

கணவன் அவள் முதுகுப் பையின் வாரைப் பிடித்தான். வங்கிக்காரர் அவன் இடுப்பைப் பிடித்தார். இழுத்துப் போட்டபோது அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. அவள் அலறல் மலையில் பட்டுத் திரும்பியது.

என் தங்கை நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அண்ணா, அங்க என்ன இருக்கு?"

எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதாயிற்று. "ஒண்ணுமில்லடா. எல்லாம் சரிஞ்சு போச்சு."

"உனக்குக் கண்ணு தெரியாதா?" என்று கணவன் கேட்டான்.

நான் சமாளிக்க வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தெரியாது சார். கண்ணு தெரியாமத்தான் கூட்டிட்டு வந்தேன்."

போர்வையில் அந்தப் பெண்ணைக் கிடத்தித் தூக்கி இறக்கினோம். தங்கை என் சட்டையைப் பிடித்தபடி கடைசியாக வந்தாள். அடிவாரத்தில் சீருடைக் கோட்டைக் கழற்றி மடித்து, எங்களுக்குச் சம்பளம் தரும் சுற்றுலா அலுவலகத்தின் மேசையில் வைத்தாள். மேலாளர் அதைத் தொடவும் இல்லை.

அந்தப் பெண்ணுக்குக் கால் கூடியது, நடை கூடவில்லை. இப்போது வேறொரு பையன் கூட்டத்தை அழைத்துப்போகிறான். நான் வண்டியோடு கீழேயே நிற்கிறேன். வீடு திரும்பினால் தங்கை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பூவைப் பற்றிக் கேட்பதில்லை.

"அந்த ஓரத்துல கம்பி கட்டிட்டாங்களா?"

"கட்டிட்டாங்களாம்."

"நீ போய்ப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை.

"பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள்.