ராகாப் வேஷம் யாருக்கு

2009 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. தனம் ஞானஸ்நானம் எடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சபைக்காரர்கள் அவளை இன்னமும் 'புதுசு' என்றுதான் சொன்னார்கள்.

சோனாங்குப்பத்துக்காரி. சுனாமியில் புருஷன் போன பிறகு, கடலூர் முதுநகரில் ஒரு சின்ன சபையில் போய் உட்கார ஆரம்பித்தாள். விடியற்காலையில் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, சிதம்பரம் மார்க்கெட்டில் விற்பாள். மகள் சினேகா ஒன்பதாவது படித்தாள். ஒரு கேள்வி கேட்டால், சரியான பதில் வரும்வரை தனம் இடத்தை விட்டு நகரமாட்டாள். மார்க்கெட்டில் எல்லோருக்கும் அது தெரியும். சபைக்குத்தான் தெரியாது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் ஆராதனையில் இயேசுவின் வம்சவரிசையை வாசிப்பதோடு நிறுத்தமாட்டார்கள், நடத்திக் காட்டுவார்கள். ஆபிரகாமில் தொடங்கி ஒவ்வொரு பேராக வாசிக்க, அந்த வேஷம் போட்ட பிள்ளை வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நடந்து வரும். தாவீது தொடங்கி வருகிறவர்கள் ராஜாக்கள் என்பதால் அட்டைக் கிரீடம், ஜிகினா அங்கி. தாவீது வேஷம் பொருளாளர் தங்கராசு வீட்டைத் தாண்டியதே இல்லை. அவர் போட்டார், அவர் தம்பி போட்டார், இப்போது மகன். வரிசையில் ஐந்து பெண்களும் உண்டு. கடைசியாக வரும் மரியாள், தங்கராசுவின் மகள்.

"அம்மா, எனக்கு ராகாப்! சிவப்புச் சேல, லிப்ஸ்டிக்கு எல்லாம் குடுக்கறாங்க!" என்று சினேகா குதித்துக்கொண்டு வந்தாள். தாவீது ராஜாவின் முன்னோரில் ஒருத்தி என்றார்கள். தனத்துக்குத் தலைகால் புரியவில்லை. சிதம்பரத்தில் மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒத்திகை முடிந்த மகளைக் கூட்டிவரப் போனாள். கோயில் வளாகத்தில் சினேகா சிவப்புச் சேலையோடு நடந்துவந்தாள். கிரீடம் வைத்த பையன் ஒருவன் விசிலடித்தான்.

"டேய், வேசி வருதுடா, வழிய வுடு!"

ராஜாக்கள் எல்லோரும் சிரித்தார்கள். சினேகா முந்தானையால் வாயைத் துடைத்தாள். சாயம் கன்னமெல்லாம் இழுபட்டது.

தனம் நேராகத் துணிமணி மேசைக்குப் போனாள். வேஷம் பிரித்துக் கொடுப்பது பொருளாளர் மனைவி அமிர்தம்.

"யக்கா, அவன் என்னா சொல்றான்?"

"வேதத்துல இருக்கறதுதான் தனம். ராகாப் அப்படிப்பட்டவதான். நாங்களா எழுதுனோம்?"

தனம் திரும்பிப் பார்த்தாள். தாமார், ரூத், உரியாவின் மனைவி என்று நின்ற மற்ற மூன்று பெண்களும் சோனாங்குப்பத்தில் தனத்தின் தெருவிலிருந்து வந்த பிள்ளைகள்.

சத்தம் கேட்டுப் போதகர் வந்தார். "தனம்மா, கோவப்படாதீங்க. இது பெருமைம்மா. ராஜ வம்சத்துல இந்தப் பொம்பளைங்க பேர எதுக்குப் போட்டிருக்கு? அந்நிய ஜாதி, ஊரு பேசுன பேச்சு, எதையும் கர்த்தர் பாக்கல. அவுங்க வழியாத்தான் ராஜாவே வந்தாரு. போன வருஷம் பிரசங்கம் பண்ணேனே!"

"கேட்டேன் பாஸ்டர். அழுதேன்கூட. அவ்ளோ பெருமைன்னா பொருளாளரு பொண்ணுக்குக் குடுங்களேன்."

"எம் பொண்ணு நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போறவ," என்றாள் அமிர்தம் வெடுக்கென்று.

"எம் பொண்ண என்னா உப்புக்கண்டமா போடப் போறேன்?"

யாரோ சிரித்தார்கள். தனம் சிரிக்கவில்லை. விசிலடித்தவனைக் காட்டினாள். "அவன் யாரு?"

"மனாசே ராஜா," என்றார் போதகர்.

"நல்லவனா?"

போதகர் கொஞ்சம் தயங்கினார். "பெத்த புள்ளைய நெருப்புல போட்டவன்."

"ராகாப்பு என்னா பண்ணா?"

"ரெண்டு பேர ஒளிச்சு வச்சு உசுரக் காப்பாத்துனா."

"அவன யாராச்சும் கொலகாரான்னு கூப்டிங்களா? புள்ளைய எரிச்சவனுக்குக் கிரீடம், எம் பொண்ணுக்கு விசிலா? ராஜா, ராணி எல்லா வேஷத்தையும் சீட்டு எழுதிக் குலுக்குங்க. வர்றது வரட்டும். அப்பவும் ராகாப்பே வந்தா எம் பொண்ணு போடுவா."

"இது என்ன மீன் ஏலமா?" என்றார் அதற்குள் அங்கே வந்துவிட்ட தங்கராசு.

"ஏலத்துல நிக்கறவன் எல்லாம் கேக்கலாம் பொருளாளரே. இங்க அதுகூட இல்ல."

எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். போதகர் தங்கராசுவைப் பார்த்தார். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா," என்றார்.

தங்கராசு மீதும் அமிர்தத்தின் மீதும்கூடத் தனத்துக்கு அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. அந்தப் பேர்கள் அங்கே ஏன் இருக்கின்றன என்று அவர்கள் யோசித்ததே கிடையாது. இந்த மனுஷனுக்குத் தெரியும். போன வருஷம் மேடையில் நின்று அத்தனை பேரையும் அழவைத்தவர், இன்று ஒரு அட்டைக் கிரீடத்தை இடம் மாற்றப் பயப்படுகிறார். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அழுத கண்ணீரத் திருப்பிக் குடுங்க பாஸ்டர்," என்றாள். பாவாடை சட்டைக்கு மேலே சுற்றியிருந்த சேலையை அங்கேயே அவிழ்க்கச் சொல்லி, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள். சாயங்காலத்துக்குள் மற்ற மூன்று சேலைகளும் அமிர்தம் வீட்டுக்குத் திரும்பின.

கிறிஸ்துமஸ் அன்று முதுநகரில் ஊர்வலம் நடந்தது. ராஜாக்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள். நான்கு பெண்களின் பேரை வாசித்தபோது யாரும் நடக்கவில்லை. தனமும் சினேகாவும் அந்த நேரம் சிதம்பரத்தில் வேறொரு சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜனவரியில் அங்கேயே சேர்ந்துகொண்டார்கள்.