சொந்த மோட்டார்சைக்கிளைத் திருடிய என் மச்சான்

மலேசியாவில் ஈப்போவிலிருந்து சித்தியவான் பக்கம் போகிறவர்கள் கடலையும் மீனையும் தேடிப் போவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனது, லாக்காப்பில் கிடந்த மச்சானைத் தேடி. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மாரிமுத்து என் தங்கை புருஷன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவருக்கு ஈப்போவில் தொழிற்சாலை வேலை கிடைத்திருந்தது. திங்கள் காலை ஏழுக்கு முதல் நாள். வராவிட்டால் இடம் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். முந்தைய மாதம்தான் அவருடைய மோட்டார்சைக்கிள் திருட்டுப் போய், ஈப்போ ஸ்டேஷனில் புகார் கொடுத்து, ஒரு வாரத்தில் கிடைத்தும் விட்டது. திருட்டுப் போன செய்தி சுற்று வட்டாரத்து ஸ்டேஷனுக்கெல்லாம் போயிருந்தது. கிடைத்த செய்தி, புகார் கொடுத்த ஸ்டேஷனின் வாசலைத் தாண்டவில்லை! அந்த வண்டியில் தன் அக்காவைப் பார்க்கப் போனவரைச் சித்தியவானுக்கு முன்னால் ஒரு சின்ன ஊரில் (பெயர் வேண்டாம், பிழைத்துப் போகட்டும்) ரோட் பிளாக்கில் மடக்கி, திருட்டு வண்டி என்று உள்ளே வைத்துவிட்டார்கள்.

காலை 9.20க்குத் தகவல் வந்தது. ஈப்போ ஸ்டேஷனில் ஒன்றரை மணி நேரம் நின்று, வண்டி கிடைத்துவிட்டது என்று முத்திரைச் சாப் குத்திய கடிதம் வாங்கினேன். ஞாயிறாகையால் போட்டோஸ்டாட் கடை பூட்டு. 11.30 பஸ், மூன்று வெள்ளி இருபது காசு, அறுபத்தெட்டு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். வழியெல்லாம் ரப்பரும் செம்பனையும். நான் எங்கே பார்த்தேன், சட்டைப் பையைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அங்கிருந்த போலீஸ் சார்ஜன் நம் தமிழ் ஆள்தான்.

"ஏண்ணே, ஈப்போவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"போட்டேன் லா. ஞாயித்துக்கிழம, பைலு பாக்குற ஆளு இல்லன்னுட்டான். என் லிஸ்டுல நம்பர் இருக்கு. நான் என்னா செய்றது தம்பி?"

கடிதத்தைப் படித்தார், பைலில் கோர்த்தார், மச்சானையும் மோட்டார்சைக்கிளையும் விட்டார். கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன்.

"அதக் குடுத்துட்டா, எதுக்கு ஆள விட்டன்னு மேல உள்ளவன் என்னைய கேப்பான் லா."

நியாயம்தானே என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன் பாருங்கள், அதுதான் நான் செய்த மடத்தனம்.

மூன்று மணிக்கு இருவரும் அதே வண்டியில் கிளம்பினோம். இருபத்தைந்து கிலோமீட்டரில் அடுத்த ஊர், அடுத்த ரோட் பிளாக், அதே லிஸ்ட். "சூராட் மானா?" என்று கோப்பரல் கடிதத்தைக் கேட்டார். கடிதம் முந்தைய ஸ்டேஷன் பைலில் என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. அங்கே போன் போட்டார், லைன் கிடைக்கவில்லை.

மச்சானுக்கு முகம் செத்துவிட்டது. "நாளைக்கு வேல மச்சான். திரும்ப உள்ள போட்டா என் பொழப்பே போச்சு லா."

வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தேன். வண்டியை வைத்துக்கொண்டு ஆளை விடுங்கள் என்று மலாயில் கெஞ்சினேன். கோப்பரல் அரை மணி நேரம் யோசித்துத் தலையாட்டினார். 5.10 பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். இருக்கட்டும். அந்தப் பக்கம் வண்டியில் போகிறவர்கள் எந்தக் கடிதத்துக்கும் மூன்று நகல் வையுங்கள். கடை பூட்டியிருந்தால் கையால் எழுதியாவது சாப் வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலை மறந்தாலும் பரவாயில்லை.

திங்கள் காலை 6.45க்கே மச்சான் தொழிற்சாலை வாசலில் நின்றார், வேலை நிலைத்தது. வண்டிக்குத்தான் இரண்டு மாதம் இரண்டு ஸ்டேஷனுக்கும் நடையாய் நடந்தோம். கடைசியில் ஈப்போ ஸ்டேஷனிலிருந்து ஒரு கடிதம் வந்தது: உங்கள் திருட்டுப் போன மோட்டார்சைக்கிள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது, வந்து பெற்றுக்கொள்ளவும்.

மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு, கடிதத்தோடு நேரே போட்டோஸ்டாட் கடைக்குப் போனார்.