ஒருசந்தியும் பனிமானும்

குளிர்கூடத்துக்குள் நின்ற எனக்கு வியர்த்தது.

நாங்கள் குடிவந்த நாட்டில், விரி என்ற ஊரில் ஒரு களஞ்சியத்தில், உறைந்த மீன் பெட்டிகளை எண்ணி அடுக்குவது என் வேலை. மூச்சு விட்டால் வாய்க்கு முன்னால் புகை நிற்கும் இடம். அங்கே தடித்த கோட்டுக்குள் முதுகால் தண்ணீர் ஓடினால், மூளை உள்ள மனுசி உடனே வெளியே வந்திருப்பாள். நான் வரவில்லை. ஆகா, இன்றைக்கு நல்ல இதமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு பெட்டிகளுக்கு நடுவால் மான்கள் வந்தன. சாம்பல் நிறம், அவசரமில்லாத நடை. நடக்கும்போது அவற்றின் காலுக்குள் 'டிக், டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கடைசி மானுக்குப் பின்னால் என் தம்பி கிளமென்ற் வந்தான். இடுப்பில் சாரம், வெறுங்கால். "அக்கா, சாப்பிட்டியா?" என்று கேட்டான். பதில் சொல்ல நாக்கு எழும்பவில்லை. அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. அவனைக் கண்டதே போதுமாக இருந்தது.

அது சாவுக்குப் பக்கத்து வீடு என்று பிறகுதான் சொன்னார்கள்.

என்னைப் போல் சலரோகம் (நீரிழிவு) உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும், டொக்டரை விடத் தங்களுக்குக் கூடுதலாகத் தெரியும் என்று நினைக்கிறவர்களுக்காக.

எனக்கு அந்த வருத்தம் பிடிபட்டது ஒரு வருடத்துக்கு முன்னால். அடங்காத தாகம், பஸ் இலக்கம் தெரியாத கண், காரணமில்லாத கோபம். "கோபம் முந்தியும் இருந்ததுதானே" என்றார் என் மனுசன் அன்ரன். அவருக்கு மவுண்ட் வெல்லிங்டனில் தளபாடத் தொழிற்சாலையில் வேலை. இரத்தம் சோதித்தபோது சீனி தாறுமாறாக ஏறியிருந்தது. கணையத்தை (சீனியைக் கட்டுப்படுத்தும் நீரைச் சுரக்கும் உறுப்பு) உசுப்பிவிடும் குளிசை தந்தார்கள். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, சாப்பாட்டோடு. அந்தக் கடைசிச் சொல்லை நன்றாகக் கேட்டேன், கேட்ட இடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

என்னோடு வேலை செய்தவள் இங்கா. நோர்வேயின் வடக்கு முனையில், பனிமான் மேய்க்கும் சாமி இனத்தில் பிறந்தவள். இந்த நாட்டு மனிதர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். நாங்கள் எல்லாம் இரண்டு தொப்பி போட்டு நடுங்கும் குளிர்கூடத்துக்குள் அவள் வெறுந்தலையோடு நிற்பாள். அவளுக்கும் சலரோகம். அந்த ஒற்றுமையில்தான் நாங்கள் ஒட்டிக்கொண்டோம்.

தேத்தண்ணி நேரத்தில் அவள் சொல்லும் கதைகளில் நான் மிதந்துபோவேன். பனிமான் இறைச்சியை எலும்போடு அவித்து, எலும்பை உடைத்து உள்ளே இருக்கும் மச்சையை உறிஞ்சுவார்களாம். இரத்தத்தைக்கூட வீணாக்காமல் மாவில் கலந்து தோசை போலச் சுடுவார்களாம். கோப்பிக்குள் உலர்ந்த இறைச்சியும் பாற்கட்டியும் போட்டுக் குடிப்பார்களாம். மரக்கறி என்றால் கொஞ்சம் காட்டுப் பழமும் ஒரு காட்டுச் செடியின் தண்டும்தான். சோறு இல்லை, பாண் (ரொட்டி) இல்லை, சலரோகமும் இல்லை. மான்கள் பனியில் நடக்கும்போது காலில் கேட்கும் அந்தச் சத்தத்தையும் நாக்கைத் தட்டிக் காட்டினாள்.

எனக்கு உடனே தீர்வு கிடைத்துவிட்டது. மனுகாவில் ஒரு இறைச்சிக்கடையில் பண்ணை மான் இறைச்சி விற்றார்கள். பனிமான் இல்லாவிட்டால் என்ன, மான் மான்தானே? வாங்கி வந்து மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் போட்டுக் குழம்பு வைத்தேன். சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்தேன். "சோறில்லாமல் குழம்பை என்ன செய்யிறது, தலையில ஊத்திறதோ?" என்று அன்ரன் கத்தினார். அவருக்குப் பாண் வாங்கிக் கொடுத்தேன்.

சீனி இறங்கியது. விரலில் குத்திப் பார்க்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் இங்காவுக்குக் காட்டினேன். பெருமை தாங்க முடியவில்லை. குளிசையைக் குறைக்க வேண்டுமா என்று ஒருவரையும் கேட்கவில்லை.

இனி என் நேர்த்திக்கடனைச் சொல்ல வேண்டும்.

கிளமென்ற் மன்னாரிலிருந்து வள்ளத்தில் இந்தியாவுக்குப் புறப்பட்டவன். போய்ச் சேர்ந்தான் என்றும் செய்தியில்லை, சேரவில்லை என்றும் செய்தியில்லை. பதினொரு மாதம். வீட்டில் தொலைபேசி அடித்தால் நான் எடுக்கமாட்டேன், அன்ரன்தான் எடுப்பார்.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் வந்ததும் மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். நாற்பது நாளும் ஒருசந்தி, அதாவது நாளுக்கு ஒரே ஒரு சாப்பாடு. மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை. நாற்பதும் முடிய முதல் அவனுடைய கையெழுத்தில் ஒரு வரி வரவேண்டும். என் தாயும் அப்படித்தான் நேர்த்தி வைப்பாள், எங்கள் ஊரில் வைக்காத வீடு இல்லை.

இப்போது கணக்குப் பாருங்கள். சோற்றையும் பாணையும் இங்காவின் சாமி இனத்துக்காக விட்டாயிற்று. இறைச்சியையும் மீனையும் மாதாவுக்காக விட்டாயிற்று. மிஞ்சியது கீரையும் ஒரு அகப்பைப் பருப்பும் பால் விடாத பிளேன்ரீயும். குளிசையை மட்டும் நேரம் தவறாமல் விழுங்கினேன். பக்தியிலும் குறை வைக்கவில்லை, மருந்திலும் குறை வைக்கவில்லை. விசரி, முழுப் பைத்தியம்!

இருபத்தாறாம் நாள்தான் மான்கள் வந்தன.

இங்கா என்னைப் பெட்டிகளுக்கு இடையில் கண்டெடுத்தாளாம். சுவரோடு சாய்ந்து, கண் திறந்தபடி, சிரித்துக்கொண்டு இருந்தேனாம். அந்தச் சிரிப்பைக் கண்டுதான் தனக்குப் பயம் பிடித்தது என்றாள். ஒரு சலரோகக்காரிக்கு இன்னொரு சலரோகக்காரியைத் தெரியும். தன் சட்டைப்பையில் இருந்த சீனிக்கட்டியைத் தண்ணீரில் நனைத்து என் பல் முரசில் தேய்த்துக்கொண்டே அம்புலன்சுக்குக் கத்தியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, மேலே வெள்ளைக் கூரை மெதுவாக நகர்ந்தது. பனிவெளி என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று மட்டுப்பிடிக்க முடியவில்லை. கையில் குளூக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. அன்ரன் என் காலைப் பிடித்தபடி இருந்தார். தலையை விட்டுவிட்டு ஏன் காலைப் பிடித்தார் என்று இன்றைக்கும் தெரியாது.

டொக்டர் சென்னைப் பக்கத்துக்காரர். என்னைக் கண்டதும் தமிழுக்கு மாறினார்.

"காலைல என்னம்மா சாப்பிட்டீங்க?"

"பிளேன்ரீ."

"அதுக்கு முன்னாடி நாள்?"

"கீரை. பருப்பு."

"மாத்திரை?"

"ரெண்டும் போட்டனான், டொக்டர். ஒரு நாளும் தவறவிடயில்லை."

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஹைப்போ (இரத்தத்தில் சீனி மட்டுமீறிக் குறைந்துபோதல்). இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தா மூளை பாதிச்சிருக்கும். பேரு கூட ஞாபகம் இருந்திருக்காது. இந்த மாத்திரையோட வேலை ஒரு நாளுக்கு மேலயும் இழுக்கும், அதனால இங்கயே இருங்க. இனி மூணு வேளையும் சாப்பிடணும். விரதம் கூடாது."

"ஓம்" என்றேன். மனதுக்குள் பதினாலு நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் இங்கா வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். நாங்கள் கதைப்பது ஆங்கிலத்தில், அவளுக்கும் அது கடன் வாங்கிய பாஷைதான்.

"நான் உனக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்தச் சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை."

"எதை?"

"மச்சை, இரத்தம், பாணில்லாத வாழ்க்கை. அது என் தாத்தாவின் காலம். எனக்கு அம்மா சொன்ன கதை. நான் வளரும்போதே எங்கள் வீட்டில் கடைப்பாண், மாஜரின், சீனி எல்லாம் வந்துவிட்டது. பனிமான் கறியை மக்கரோனியோடு சாப்பிட்டு வளர்ந்தவள் நான். தாத்தா மானுக்குப் பின்னால் நாள் முழுக்க நடந்தார். என் அண்ணன் மோட்டார் சறுக்குவண்டியில் சோடா குடித்துக்கொண்டு போகிறான். அவனுக்கும் இப்போது நெஞ்சு வருத்தம்."

"அப்ப நீ என்னடி சாப்பிடுறாய்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன், பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஜாம் பாண்" என்றாள். அவளுக்கு முகம் சிவந்துபோனது. "சில நாள் ஒரு பெட்டி பிஸ்கட். வீட்டு ஞாபகம் வரும்போது அந்தக் கதையைச் சொல்வேன். நீ அதைச் சமைக்கப் போவாய் என்று நான் நினைக்கவேயில்லை."

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். சிரிப்புத்தான் வந்தது. கையில் ஊசி இழுபட இழுபடச் சிரித்தேன், அவளும் சிரித்தாள். ஒருத்தி மற்றவளின் தாத்தாவைச் சாப்பிட்டுச் சாகப் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் வீட்டுக்கு வந்த மத்தியானம் அன்ரன் சமைத்தார். ஒரு கோப்பை சோறு, மீன் துண்டு ஒன்று, கீரை. எனக்கு முன்னால் வைத்துவிட்டு நின்றார். நான் தொடவில்லை.

"பங்குச் சுவாமியைக் கேப்பமே? நேர்த்தியைத் தளர்த்தித் தருவார்."

"அவர் வைச்ச நேர்த்தியில்லை."

"அப்ப நீர் சாகப்போறீரோ?"

அப்போதுதான் உள்ளே கிடந்ததைச் சொன்னேன், இதுவரை ஒருவருக்கும் சொல்லாததை. "அவன் எங்கயோ பசியோட கிடப்பான் எண்டு எனக்குத் தோணுது. அவன் பட்டினி கிடக்க நான் மூண்டு நேரமும் திண்டால், நான் அவனைக் கைவிட்ட மாதிரி."

அன்ரன் பக்கத்தில் இருந்தார். "தம்பி ஒரு நாளைக்குக் கடிதம் போட்டால்," என்றார், "அதை வாசிக்கிறதுக்கு அவன்ர அக்கா இருக்கவேணும். பேர் மறந்துபோன மனுசியாக இல்லை."

என் கை நடுங்குவதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். முந்தியும் இப்படி நடுங்கியிருக்கும், பக்தி என்று நினைத்திருப்பேன். அடிநாக்கில் ஒரு வெறுமை, நெற்றியில் மெல்லிய ஈரம். உடம்பு இத்தனை நாளும் என்னோடு கதைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் மான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை வாசிக்கிற உங்களுக்கும் அந்த இதமான சூடு வரலாம், அழகான காட்சிகள் வரலாம். நம்பாதீர்கள். உடனே இனிப்பாக ஏதாவது வாயில் போடுங்கள், பிறகு கனவு காணலாம்.

எனக்கு இப்போது நாள் என்பது காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் உடம்பு வந்து கதவைத் தட்டும். முந்தி நாற்பது நாளை ஒரே மூச்சில் எண்ணியவள், இப்போது அடுத்த சாப்பாடு மட்டும்தான் எண்ணுகிறேன். அது சின்ன நேரம்தான், ஆனால் என் கைக்குள் அடங்குகிற நேரம். கிளமென்ற்றிடமிருந்து இன்னும் ஒரு வரி இல்லை.

அன்ரன் சமைத்த அந்த மத்தியானம் கோப்பையை இழுத்து முன்னால் வைத்தேன். நெற்றியில் தொட்டுக் குரிசு போட்டேன். சத்தமாகவே சொன்னேன், அன்ரனுக்கும் கேட்கட்டும் என்று.

"மாதாவே, இருபத்தேழோட நிப்பாட்டுறன். கோவிச்சால் என்னோட கோவியும், அவனோட கோவிக்காதையும். அவனைத் தேடுறது இனி உம்மட வேலை. சாப்பிடுறது என்ர வேலை."

மீனைக் கிள்ளிச் சோற்றோடு குழைத்து வாயில் வைத்தேன். உப்புக் கூடிப்போயிருந்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே விழுங்கினேன்.